மாடிக்கு ஏறிய சமையலறை: புதுச்சேரி வீடு ஒன்றில் பில்ட்-இன் சாதனங்கள் பொருத்திய நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் இருக்கும் இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்கால் வரை ஏறிய தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. ஃப்ரிட்ஜ் சாய்ந்து கிடந்தது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் செய்திருந்த கீழ் அலமாரிகள் ஊறிப் பருத்து, கதவைத் தொட்டால் கையோடு வந்தன. வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். "இனிமே கீழ சமையலே வேணாம் தம்பி, மாடிக்குக் கொண்டுபோயிடலாம்" என்று அம்மா சொன்னதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

நான் கடலூர் செம்மண்டலத்தில் சிறிய மாடுலர் கிச்சன் பட்டறை வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாக இதே தொழில். மேடையில் பதிக்கும் அடுப்பான ஹாப், சிம்னி எத்தனையோ பொருத்தியாயிற்று. ஆனால் ஓவன், மைக்ரோவேவ், டிஷ்வாஷர், ஃப்ரிட்ஜ் நான்கும் அலமாரிக் கதவுகளோடு கதவாக மறைந்து நிற்கும் முழு பில்ட்-இன் சமையலறை எங்களுக்கு இதுதான் முதல். எங்கே தடுமாறினோம், ஏன் தடுமாறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்படிக் கேட்டு வருபவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

சாதனங்களைத் தேர்ந்தெடுத்தவர் பிரான்சில் இருக்கும் மகள். அங்கே அவர் வீட்டில் எல்லாமே பலகைக்குப் பின்னால்தான். அங்கிருந்தே வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்றார். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மின்சாரம் ஒத்துப்போகும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனாலும் வேண்டாம் என்றேன். பழுதானால் பார்க்க ஆள் கிடைக்காது, உதிரிபாகமும் கிடைக்காது. அதைவிட முக்கியம் ஃப்ரிட்ஜ். ஒவ்வொரு ஃப்ரிட்ஜுக்கும் எந்த வெப்பநிலை உள்ள அறையில் ஓடலாம் என்று ஒரு வகுப்பு உண்டு, உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கும். எஸ்.டி. என்றால் 38 டிகிரி வரை, டி என்றால் 43 டிகிரி வரை. கத்திரி வெயிலில் மாடிச் சமையலறைக்கு டி வகுப்புதான் சரி. கடைசியில் எல்லாவற்றையும் இங்கேயே வாங்கினார்கள்.

யார் கையில் எந்த அளவு

தவறு இங்கேதான் தொடங்கியது, அதில் என் பங்கும் உண்டு. நான் ஒப்புக்கொண்டது மரவேலை மட்டும். சுவர், தரை, கிரானைட் எல்லாம் அவர்கள் குடும்பத்துக்கு வழக்கமாக வேலை செய்யும் மேஸ்திரி. வயரிங் ஒருவர், பிளம்பிங் ஒருவர். சாதனங்கள் வந்த பிறகு பொருத்தித் தர கம்பெனி ஆள் வருவார். ஆக ஐந்து தரப்பு. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் சாதனங்களோடு வரும் பொருத்துமுறை வரைபடத்தை ஐந்து பேரில் ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியவன் நான். "ஓவன்னா ரெண்டடி, டிஷ்வாஷர்னா ரெண்டடி, தெரிஞ்ச அளவுதானே" என்று இருந்துவிட்டேன்.

இரண்டடி என்பது 610 மி.மீ. ஆனால் இந்தச் சாதனங்கள் 600 மி.மீ. கணக்கில் வருபவை. முன்பக்கம் 595, 598 என்று இருக்கும். பெட்டியின் உள் அகலம் 560-க்குக் குறையவும் கூடாது, 568-ஐத் தாண்டவும் கூடாது. நம் ஆசாரிகள் பேசுவது அங்குலமும் நூலும். எட்டு நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் 3.2 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. பூஜை அறைக் கதவுக்கோ துணி அலமாரிக்கோ ஒரு நூல் முன்னேபின்னே இருந்தால் இழைப்புளி பார்த்துக்கொள்ளும். பில்ட்-இன் சாதனத்துக்கு மொத்தமாக விட்டிருக்கும் இடைவெளியே இரண்டரை நூல்தான்.

மேடையின் உயரம்

நல்லவேளை, ஒன்றை முன்கூட்டியே யோசித்தோம். அதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால் வலி.

பழைய சமையலறையைப் போலவே கடப்பா கல் நிறுத்தி, மேலே இன்னொரு கடப்பா பலகை போட்டு, அதன்மேல் கிரானைட் ஒட்டலாம் என்றார் மேஸ்திரி. மேடை உயரம் 33 அங்குலம், அதாவது 838 மி.மீ. கிரானைட் 18, அடிப்பலகையும் கலவையும் சேர்த்து 40. மீதி 780. டிஷ்வாஷருக்கோ குறைந்தது 820 வேண்டும். அடியிலிருக்கும் கால்களைச் சுழற்றி எவ்வளவு இறக்கினாலும் இயந்திரமே 815 உயரம். நம் ஊரில் கட்டி முடித்த சமையலறையில் டிஷ்வாஷர் வைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு சென்டிமீட்டரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லை உடைக்கவும் மனம் வராது, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. கடைசியில் அது பால்கனியில் போய் நிற்கும்.

மேடையை மொத்தமாக உயர்த்தலாமா? அம்மா ஐந்தடி உயரம். கையை மடக்கி நிற்கச் சொல்லி அளந்தேன். தரையிலிருந்து முழங்கை 95 செ.மீ. அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால்தான் தோளைத் தூக்காமல் வேலை செய்ய முடியும். அதாவது 80 முதல் 85. அடுப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தாலும் நல்லது, ஏனென்றால் இட்லிக் குண்டான், குக்கர் இவற்றின் உயரமும் மேடைக்கு மேல் சேர்ந்துகொள்கிறது. சிங்க் பக்கம் கதை நேர்மாறு. தொட்டியின் அடி மேடையைவிட 20 செ.மீ. பள்ளத்தில் இருப்பதால், மேடை கொஞ்சம் உயர்ந்தால்தான் முதுகு வளையாது.

இதைச் சொன்னதும் அம்மாவே, "அப்போ ரெண்டு மட்டமா போட்டுடலாமே" என்றார். அதுதான் சரியான தீர்வு. அடுப்பு மேடை 810. சிங்கும் டிஷ்வாஷரும் இருக்கும் மேடை 860. கடப்பா பலகை கிடையாது. பிளை பெட்டிகள்மேல் 12 மி.மீ. பிளை, அதன்மேல் 18 மி.மீ. கிரானைட். கீழே 830 கிடைத்தது. இரண்டு மேடைக்கும் நடுவில் ஐந்து செ.மீ. படி. "சாமான் தட்டும், அழகாவும் இருக்காது" என்று மேஸ்திரி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சமையலறையில் அம்மாவுக்கு அன்றாடம் உதவுவது அந்தப் படிதான் என்பேன்.

தரையின் வாட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சமையலறையைக் கழுவிவிடுவோம் என்பதால் மேஸ்திரிகள் கதவுப் பக்கமாக வாட்டம் கொடுத்துத்தான் டைல்ஸ் ஒட்டுவார்கள். டியூப் லெவல் போட்டுப் பார்த்தபோது ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 18 மி.மீ. வித்தியாசம் இருந்தது. 830 கிடைத்தது தாழ்ந்த பக்கத்தில். டிஷ்வாஷரை சிங்குக்கு மறுபக்கம், தரை மேடான இடத்தில் வைத்திருந்தால் 14 மி.மீ. போயிருக்கும், தேவையான 820 கிடைத்திருக்காது. அளவை எப்போதும் தரையின் மேடான இடத்திலிருந்து எடுக்க வேண்டும். டைல்ஸை சுவர் வரைக்கும் ஒட்டவைக்கவும் வேண்டும். அலமாரிக்கு அடியில் வரும் ஸ்கர்ட்டிங் பலகையோடு டைல்ஸை நிறுத்திவிட்டால் உள்ளே போன இயந்திரத்தைப் பிறகு வெளியே இழுக்க அந்த விளிம்பே தடையாகிவிடும்.

ஓவன் நின்ற நாள்

2025 ஜூலையில் சாதனங்கள் வந்து இறங்கின. டால் யூனிட்டில், அதாவது ஆளுயர அலமாரியில், கீழே ஓவன், மேலே மைக்ரோவேவ். கம்பெனியிலிருந்து வந்த பையன் ஓவனைத் தூக்கி வைத்துத் தள்ளினான். பாதி வரை போய் நின்றுவிட்டது.

ஆசாரி அண்ணன் டேப்பைப் போட்டுப் பார்த்தார். "வாயில 560 சரியா இருக்கு தம்பி. நடுவுலதான் 556 காட்டுது." ஓவனின் உடல் 558. தடுத்தது ஒரு நூல்கூட இல்லை.

எப்படி வந்தது இந்த நான்கு மி.மீ.? பெட்டியின் வெளி அகலம் 600. 18 என்று வாங்கிய பிளை அளந்து பார்த்தால் 19 இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 38 போக 562. உள்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு மி.மீ. மைக்கா இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தோம். 560 ஆயிற்று. அளவு மொத்தமும் தீர்ந்துவிட்டது, நாங்கள் கவனிக்கவில்லை. இதற்குமேல் சுவர். அந்தச் சுவர்ப் பூச்சு நடுவில் தொப்பை போட்டிருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல், இடையில் கட்டை கொடுக்காமல், பெட்டியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூவை முறுக்கியதில் பக்கப் பலகை உள்ளே வளைந்துவிட்டது.

"இழைச்சு விட்டா போயிடும்" என்றார் அண்ணன். மைக்காமேல் இழைப்புளி எப்படி ஓடும்? ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, தொப்பைக்கு மேலும் கீழும் கட்டை கொடுத்துத் தூக்குக்குண்டுக்கு நேராகப் பெட்டியை நிறுத்தினோம். பிறகு ஓவன் அறைக்குள் இருந்த மைக்காவை ஹீட் கன் வைத்து உரித்தோம். அந்த இடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, மைக்கா அங்கே தேவையே இல்லை. உள் அகலம் மேலிருந்து கீழ்வரை 562 ஆனது, ஓவன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

போயும் முழுதாகப் போகவில்லை. முகப்பு நான்கு செ.மீ. வெளியே நின்றது. பின்சுவரில், ஓவனுக்கு நேர் பின்னால், பிளக் பாயின்ட். எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல முடியாது. ஓவன் எங்கே வருகிறது என்று கேட்டார், அந்த இடத்தில் கரித்துண்டால் பெருக்கல் குறி போட்டுக் காட்டியது நான்தான். சுதந்திரமாக நிற்கும் சாதனத்துக்கு அது சரி. பில்ட்-இன் சாதனத்துக்குப் பிளக் பாயின்ட் பக்கத்து அலமாரிக்குள்தான் இருக்க வேண்டும். பின்னால் இடமில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியது: பழுது பார்க்கவோ, ஆபத்து நேரத்திலோ, சாதனத்தை வெளியே இழுக்காமலே மின்சாரத்தைத் துண்டிக்க வழி இருக்க வேண்டும். டிஷ்வாஷருக்கும் இதே விதி. அதன் பிளக்கும் தண்ணீர் வால்வும் சிங்குக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒட்டியிருந்த ஏழு டைல்ஸை உடைத்துப் பாயின்ட்டை மாற்றினோம்.

சுவரைத் திறந்தபோது வயரிங்கில் இருந்த இன்னொரு குறையும் வெளியே வந்தது. ஓவனுக்கும் டிஷ்வாஷருக்கும் ஒரே லைன், பாரம் கூடினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யும் ஒன்றே, 16 ஆம்பியர். ஓவன் 3.4 கிலோவாட், டிஷ்வாஷர் தண்ணீரைச் சூடாக்கும்போது 2.2. இரண்டும் சேர்ந்தால் 24 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எம்.சி.பி. உடனே விழாது. கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுத்தான் விழும், அதுவரை வயர் சூடாகும். ஓவனுக்குத் தனியாக 4 சதுர மி.மீ. வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. டிஷ்வாஷருக்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர். மைக்ரோவேவுக்கு இன்னொன்று. மூன்றுக்கும் சேர்த்து, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் ஏற்கெனவே மூன்று ஃபேஸ் இருந்ததால் பாரத்தைப் பிரித்துவிட முடிந்தது. சிங்க், தண்ணீர், ஈரக்கை எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் நான் இனி வேலை எடுப்பதாக இல்லை.

தண்ணீர்

டிஷ்வாஷர் அழகாக உள்ளே போய் நின்றது. முதல் ஓட்டம். இரண்டே நிமிடத்தில் குழாய் படம் போட்ட விளக்கு எரிந்தது, குழாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். வால்வு திறந்துதான் இருந்தது. கம்பெனிப் பையன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான், மறுபடி அதே விளக்கு. "மெஷின் ஃபால்ட் சார், மாத்தித் தரச் சொல்றேன்" என்று எழுதிக்கொண்டு போனான்.

மாற்று இயந்திரம் வர ஒன்பது நாள். அதிலும் அதே விளக்கு.

அந்த ஒன்பது நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது: தண்ணீரின் அழுத்தம் குறைந்தது 0.5 பார். வீட்டுக்காரர், "கொழாயில தண்ணி நல்லாதானே கொட்டுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கொட்டுகிற அளவு வேறு, அழுத்தம் வேறு. அகலமான குழாயில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் தண்ணீர் நிறையக் கொட்டும். இயந்திரத்தின் உள்வால்வு திறக்கத் தேவைப்படுவது அழுத்தம்.

டேங்க்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். இந்த வீட்டில் மொட்டை மாடிக்கு மேல் மூன்றடித் தூணில் டேங்க். சமையலறைத் தரையிலிருந்து டேங்க்கின் அடி வரை பதின்மூன்றரை அடி. வால்வு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். மீதி பன்னிரண்டு அடி, அதாவது 3.66 மீட்டர், 0.36 பார். வளைவுகளில் தேய்வது போக, கேஜ் மாட்டிப் பார்த்தபோது 0.3 காட்டியது. கீழ்த்தளத்தில் இருந்த பழைய சமையலறையாக இருந்திருந்தால் இன்னும் பத்தரை அடி கூடுதலாகக் கிடைத்து 0.6-ஐத் தாண்டியிருக்கும், டிஷ்வாஷர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியிருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து சமையலறையை மேலே ஏற்றினோம், அந்த ஏற்றத்திலேயே தண்ணீரின் அழுத்தம் போய்விட்டது. திட்டம் போட்டபோது எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

தூணை இன்னும் எட்டடி உயர்த்தலாம் என்றார் பிளம்பர். நான் வேண்டாம் என்றேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது மொட்டை மாடி டேங்க்குகள் என்ன பாடுபட்டன என்பதைக் கண்ணால் பார்த்தவன். அதற்குப் பதிலாக டேங்க் பக்கத்தில், மழை படாத கூண்டுக்குள், சமையலறை லைனுக்கு மட்டும் அரை எச்.பி. பிரஷர் பம்ப் வைத்தோம். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். பம்புக்குப் பக்கத்திலேயே நேரடி லைன் ஒன்றை ஒருவழி வால்வோடு விட்டிருக்கிறோம். கரண்ட் போனாலும் சிங்க்கில் தண்ணீர் வர வேண்டும் இல்லையா? விளக்கு அதன்பிறகு எரியவில்லை.

கழிவுக் குழாயிலும் ஒரு சிறு பாடம். பிளம்பர் அதை நேராகத் தரைத் துவாரத்தில் செருகியிருந்தார். இயந்திரத்துக்குள் வந்த தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது, கூடவே சாக்கடை வாடை. குழாயைக் கிரானைட்டுக்கு அடி வரை மேலே தூக்கி வளைத்துக் கட்டி, பிறகு இறக்கி சிங்கின் வேஸ்ட் பைப்பில் இணைத்ததும் இரண்டும் நின்றன.

அடுத்தது உப்பு. கடலோரத்து போர் தண்ணீர் எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆர்.ஓ. காரர் மீட்டரை நனைத்து 900 என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. டிஷ்வாஷருக்குத் தேவை கடினத்தன்மை மட்டும், அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன், 380 பி.பி.எம். இயந்திரம் பேசுவது ஜெர்மன் டிகிரி. 17.8-ஆல் வகுத்தால் 21. அந்த எண்ணுக்கு ஏற்ற நிலையில் வைத்தோம். வாங்கிவந்தபடியே விட்டிருந்தால் ஒரே மாதத்தில் எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் வெள்ளைப் பூத்திருக்கும்.

இந்தக் கடினத்தன்மையை நீக்க இயந்திரத்துக்குள் தனியாக உப்புப் போட வேண்டும். இதற்கென்று விற்கும் உப்பின் விலையைப் பார்த்துவிட்டு அம்மா, "மரக்காணத்து உப்பளம் பக்கத்துலயே இருக்கு. கல்லுப்பு போட்டா ஆகாதா தம்பி?" என்று கேட்டார். ஆகாது. கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மண்ணும் மக்னீசியமும் எதை நீக்குவதற்காக உப்புப் போடுகிறோமோ அதையே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். தூள் உப்பும் வேண்டாம், கட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும்.

உள்ளே வைக்கக் கூடாத பாத்திரங்களையும் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, அலுமினியக் குக்கர், பழகிய இரும்புத் தோசைக்கல், மண்சட்டி. ஈயமும் அலுமினியமும் டிஷ்வாஷர் சோப்பின் காரத்தன்மையில் கறுத்துப்போகும், தோசைக்கல்லின் எண்ணெய்ப் பழக்கம் ஒரே கழுவலில் போய்விடும்.

தேக்குக் கதவு

கீழே தண்ணீரில் நின்றும் கெடாமல் மிஞ்சியது பழைய தேக்கு அலமாரியின் கதவு ஒன்றுதான். அம்மாவின் மாமியார் காலத்தது. அதை டிஷ்வாஷர் முகப்பாகப் போட வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். முப்பது மி.மீ. தடிமன், பித்தளைப் பிடியோடு எடை போட்டால் ஒன்பது கிலோ. இந்த இயந்திரத்தின் கதவு ஸ்ப்ரிங் தாங்குவது ஏழரை. மாட்டிப் பார்த்தோம், கையை விட்டதும் கதவு தடாலென்று விழுந்தது. ஆசாரி அண்ணன் அந்தத் தேக்கை மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் ஐந்து மி.மீ. தகடுகளாக அறுத்து வாங்கி, 12 மி.மீ. பிளைமேல் பதித்தார். பிடியோடு ஆறு கிலோவுக்குள் வந்துவிட்டது. மிச்சத் தகட்டில் ஓவனுக்கு மேலிருக்கும் கதவும் அதே மரமாயிற்று. நான் செய்த சமையலறைகளில் இவ்வளவு அழகான கதவு வேறு இல்லை.

ஃப்ரிட்ஜ்

இதில் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் குடும்பத்துக்கு பில்ட்-இன் ஃப்ரிட்ஜை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 1775 மி.மீ. உயரப் பெட்டிக்குள் நிற்கும் ஃப்ரிட்ஜின் கொள்ளளவு 260 லிட்டர் சுற்றித்தான். இட்லி மாவு ஒரு வாளி, தேங்காய், பூ, பால், ஒரு வாரக் காய்கறி, மீன் வாங்கும் வீடு என்றால் அதற்கும் இடம். போதவில்லை. வெளியில் நிற்கும் ஃப்ரிட்ஜில் இதே விலைக்கு இதைவிடப் பெரியது வாங்கிவிடலாம்.

இந்த வீட்டில் இன்னொரு சிக்கலும் வந்தது. பெட்டியைப் பரண் வரை மூடிவிட்டோம். கீழே ஸ்கர்ட்டிங்கும் அடைப்பு. வெப்பம் வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடியது, பக்கப் பலகையைத் தொட்டால் சுட்டது. கீழே ஸ்கர்ட்டிங்கில் 200 சதுர செ.மீ.க்குக் குறையாமல் கம்பித் துவாரம், பின்னால் 40 மி.மீ. சந்து, பரணைக் கிழித்து மேலே அதே அளவு வெளிவழி. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி, பின்னால் ஏறி மேலே போக வேண்டும். கரப்பானும் பல்லியும் நுழையாமல் இரண்டு துவாரத்துக்கும் 304 தர ஸ்டீல் வலை அடித்தோம். கடல் கிட்டத்தில்தான், சாதாரண வலை ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது. இதே காரணத்துக்காக எல்லாக் கீல்களையும் 304 ஸ்டீலில் போட்டோம், பெட்டிகள் அனைத்தும் ஐ.எஸ். 710 தர பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் மரைன் பிளை.

கூட்டிப் பார்த்தால் இந்தத் திருத்தங்களுக்கு ஐந்து வாரமும் 61,000 ரூபாயும் ஆயின. பம்புக்கும் வயரிங்குக்கும் எப்படியும் செலவாகியிருக்கும். மரவேலைத் திருத்தமும் உடைத்த டைல்ஸும் என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன். ஆவணியில் பால் காய்ச்சினார்கள்.

இப்போது வேலை கேட்டு வருபவர்களிடம் முதலில் சாதனத்தை முடிவு செய்யுங்கள், மாடல் எண்ணைக் கொடுங்கள் என்கிறேன். வரைபடத்தை இறக்கி, ஒரே தாளில் எல்லா அளவையும் மி.மீ.யில் எழுதி, சுவரில் பூச்சு ஏறும் முன்பே மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரையும் ஒரே நாளில் அங்கே வரவழைக்கிறேன். ஆசாரி அண்ணனுக்கு மி.மீ. டேப் வாங்கிக் கொடுத்தேன். பழைய டேப்பையும் அவர் விடவில்லை, இரண்டையும் இடுப்பில் செருகியிருக்கிறார்.

இந்த வீட்டுக்கான தாளை லேமினேட் செய்து சிங்க் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பிளக் எங்கே, எந்த எம்.சி.பி. எதற்கு, தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு, டிஷ்வாஷரை இழுக்கும் முன் கழற்ற வேண்டிய நான்கு ஸ்க்ரூக்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்கிறது. மகள் குடும்பத்தோடு வந்திருந்த மார்கழியில் டிஷ்வாஷரின் கழிவுப் பம்பில் கறிவேப்பிலைக் காம்பு சிக்கி நின்றுவிட்டது. வந்த ஆள் புதியவர். "வால்வு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா சிங்க் கதவைத் திறந்து தாளைக் காட்டியிருக்கிறார். எனக்குப் போன் வரவே இல்லை. மறுநாள் வேறு வேலையாகப் போனபோதுதான் சொன்னார்கள், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனாராம்.